இரண்டரைக் கோடி உலகங்களுக்கு ஒரு வரைபடம்

2 ஆகஸ்ட் 2025, சனி

நேற்றே எழுத உட்கார்ந்திருக்க வேண்டும், வேலை முடிய இரவாகிவிட்டது. 1941-ல் இதே ஆகஸ்ட் 1 அன்றுதான், ஜான் கேம்ப்பெல் என்ற பத்திரிகை ஆசிரியரைப் பார்க்க நியூயார்க் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்த ஐசக் அசிமோவுக்கு ஒரு பேரரசின் வீழ்ச்சியைக் கதையாக எழுதும் எண்ணம் வந்தது. அப்போது அவருக்கு 21 வயது. ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதியதை ஊன்றிப் படித்தவர், அதைப் பால்வீதி முழுக்க விரித்துப் பார்த்தார். 1942-ல் பத்திரிகையில் தொடங்கி 1951-ல் முதல் புத்தகமாக வந்ததுதான் ஃபவுண்டேஷன்.

நான் அதை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அந்தப் பேரரசை ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட வேண்டும். எனக்குப் பிழைப்பே வரைபடம்தான், நிலம் அளந்து வருகிறவர்கள் தரும் அளவுகளைக் கணினியில் புலப்படமாக்கித் தருகிறேன். அளவு தெரியாத இடத்தைப் பற்றிப் படித்தால் எனக்குக் கை பரபரக்கும். என்னிடம் இருக்கும் பதிப்பில் வரைபடம் எதுவும் கிடையாது. முதல் பக்கங்களிலேயே ஓர் எண் வருகிறது, அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்: மனிதர்கள் வாழும் கோள்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி, அத்தனையும் டிரான்டர் என்ற தலைநகருக்குக் கட்டுப்பட்டவை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள் ரோலில் இரண்டு துண்டு வெட்டி, பின்பக்கம் டேப் ஒட்டி, கூடத்துத் தரையில் விரித்தேன். நடுவில் ஆணி, அதில் நூல், நூலின் முனையில் பென்சில். ஒரு மீட்டர் குறுக்களவுக்கு வட்டம் போட்டாகிவிட்டது. பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு என்று வைத்தால் என் தாளில் ஒரு மில்லிமீட்டர் நூறு ஒளியாண்டு. நம் சூரியன் நடுவில் இருந்து 26 சென்டிமீட்டர் தள்ளி வருகிறது. அதற்கு மிக அருகில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரியைத் தனியாகக் குறிக்க வழியே இல்லை, இரண்டுக்கும் இடைவெளி தலைமுடி கனத்தில் பாதிதான் வரும்.

அப்புறம் உலகங்கள். இரண்டரைக் கோடியையும் வட்டத்துக்குள் சீராகத் தூவினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 32 உலகம் விழுகிறது. கூராகச் சீவிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன், பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். அதற்கு அடியில் ஆறு உலகங்கள் இருக்கின்றன. ஆறு வானம், ஆறு சரித்திரம், ஒவ்வொன்றிலும் பல கோடிப் பேர். நான் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் இவ்வளவு நெருக்கமும் தாள் தட்டையாக இருப்பதால்தான். பால்வீதியின் தட்டுக்குச் சுமார் ஆயிரம் ஒளியாண்டு தடிமன் உண்டு, என் அளவில் ஒரு சென்டிமீட்டர். அந்தத் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஓர் உலகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சராசரியாக 68 ஒளியாண்டு. விண்மீன்கள் பத்தாயிரம் கோடிதான் என்று குறைத்து எடுத்துக்கொண்டாலும் நாலாயிரத்தில் ஒன்றில்தான் ஆள் இருக்கிறது. பேரரசு பால்வீதியை நிரப்பிவிட்டது என்று படிக்கும்போது தோன்றும். உண்மையில் அது சல்லடையைவிட ஓட்டையானது.

6 ஆகஸ்ட், புதன்

அலுவலகம் போகிற பேருந்தில் போட்ட கணக்கு. ஓர் உலகத்தின் பெயரை மட்டும், நொடிக்கு ஒன்றாக, தூங்காமல் யாராவது பேரரசரிடம் வாசித்துக் காட்டினால் 289 நாள் ஆகும். ஓர் உலகத்துக்கு ஒரு நிமிடம் என்றால் 47 வருடம். முப்பது வயதில் பட்டத்துக்கு வந்தவர், வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாலும், தன் நாட்டைப் பற்றி உலகத்துக்கு ஒரு நிமிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆகவே இடையில் அடுக்குகள் வேண்டும். கிராமம், பிர்கா, வட்டம், மாவட்டம் என்று நாம் பிரித்து வைத்திருப்பதுபோல நான்கு அடுக்கு என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அதிகாரிக்குக் கீழும் 71 பேர் இருந்தால் நான்காவது அடுக்கில் இரண்டரைக் கோடியை எட்டிவிடுகிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே இருந்து மூன்றாவது அடுக்கில் ஓர் அதிகாரி அறிக்கையில் பொய் எழுதினால் 71 உலகங்கள் ஒரே நாளில் கண்ணுக்கு மறைந்துவிடும். கதையில் அனாக்ரியான் மாகாணம் கழன்று போவதைப் பற்றித் தலைநகரம் அலட்டிக்கொண்டதாகவே தெரிவதில்லை. முன்பு படித்தபோது இதை ஆசிரியரின் வசதிக்கான ஏற்பாடு என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. அலுவலகத்தில் ஓர் உட்பிரிவு எண் பதிவேட்டில் ஏறாமல் விட்டுப்போனால் அந்த நிலம் இருபது வருடம் தாளில் இல்லாமலே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

9 ஆகஸ்ட், சனி

இன்று டிரான்டர் மட்டும். ஏழரைக் கோடி சதுர மைல் நிலப்பரப்பு முழுவதும் ஒரே நகரம், உச்சத்தில் மக்கள்தொகை நாலாயிரம் கோடிக்கு மேல். படிக்கும்போது மூச்சு முட்டும். அதை மனைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மைல் 640 ஏக்கர், ஆக மொத்தம் 4,800 கோடி ஏக்கர். ஆளுக்கு 120 சென்ட் வருகிறது! சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 206 பேர். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் அடர்த்தியே 382. தரைமட்டத்தில் மட்டும் குடியமர்த்தினாலும் டிரான்டர்வாசிகள் நம்மைவிடக் காற்றாட வாழலாம். அந்த நகரமோ தரைக்குக் கீழே ஒரு மைலுக்கும் மேல் குடைந்தது, பத்தில் ஒன்பது பங்கு பார்வைக்கே வராது என்று முதல் கதையிலேயே ஒருவர் சொல்கிறார்.

அப்படியென்றால் எண் தப்பா? ரொம்ப நேரம் யோசித்தேன். 1940-களில் எழுதியவருக்கு நாலாயிரம் கோடி என்பது மலைக்க வைக்கும் எண்ணாக இருந்திருக்கும், அப்போது பூமியிலேயே 250 கோடிப் பேர்கூட இல்லை. ஒரு கோள் முழுவதும் கூரை போட்ட நகரத்துக்கு அது குறைவுதான், தாராளமாகப் பத்து மடங்கு போட்டிருக்கலாம். எனக்கு இது குறையாகப் படவில்லை. மீதி இடமெல்லாம் அலுவலகம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நாலாயிரம் கோடிப் பேருக்கும் பேரரசை நிர்வகிப்பதுதான் வேலை என்று புத்தகமே சொல்கிறது, இரண்டரைக் கோடி உலகங்களின் பதிவேடுகளை எங்காவது அடுக்கித்தானே ஆகவேண்டும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்றைய கணக்கின் தொடர்ச்சி, சோறு. இருபது விவசாய உலகங்களில் இருந்து தினமும் பல பத்தாயிரம் கப்பல்கள் டிரான்டருக்கு உணவு கொண்டுவருகின்றன. ஆளுக்கு ஒரு கிலோ என்றால் ஒரு நாளுக்கு நாலு கோடி டன். இருபதாயிரம் கப்பல் என்றால் ஒரு கப்பலுக்கு இரண்டாயிரம் டன், பெரிய பாரமே இல்லை. ஒவ்வொரு விவசாய உலகமும் 200 கோடிப் பேருக்குச் சோறு போட வேண்டும். நம் பூமி இப்போது 800 கோடிப் பேருக்குப் போடுகிறது. ஆக இந்த எண் கச்சிதம். எகிப்துக் கோதுமையை நம்பி இருந்த ரோமாபுரியை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அதனால்தான் இந்த இடம் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. வரைபடத்தில் டிரான்டரைச் சுற்றி இருபது பச்சைப் புள்ளி வைத்தேன். அந்த இருபதையும் மறித்துவிட்டால் தலைநகரம் சில வாரத்தில் பட்டினி.

13 ஆகஸ்ட், புதன்

வேலை அதிகம். பேருந்தில் நின்றபடி ஒரே ஒரு கணக்கு, ஆனால் அதுதான் இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

கதை தொடங்கும்போது பேரரசுக்குப் பன்னிரண்டாயிரம் வயது. அது தோன்றிய நாளில் டிரான்டரில் இருந்து புறப்பட்ட ஒளி எங்கே வந்திருக்கும்? என் தாளில் டிரான்டர் இருக்கும் நடுவில் இருந்து 12 சென்டிமீட்டர். கதை பெரும்பாலும் சுற்றி வரும் டெர்மினஸ் என்ற கோள் இருப்பது விளிம்பில், 50-வது சென்டிமீட்டரில். அந்த ஒளி கால்வாசி தூரத்தைக்கூடத் தாண்டவில்லை. டெர்மினஸில் நின்று எவ்வளவு பெரிய தொலைநோக்கியை டிரான்டரின் சூரியன் பக்கம் திருப்பினாலும் தெரிவது ஐம்பதாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒளி, பேரரசே இல்லாத காலத்து ஒளி. கப்பல்கள் மிகைவெளி வழியாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவிவிடும், அதனால் ஆட்சி நடக்கிறது. ஆனால் வானத்தைப் பார்த்தால் அப்படி ஓர் ஆட்சி நடப்பதற்கான அடையாளமே இருக்காது.

12 சென்டிமீட்டரில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். தாளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கோடு அதுதான்.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை. இன்று நிஜ வரைபடம் பக்கம் போனேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2013 டிசம்பரில் ஏவப்பட்டது, 2022-ல் வந்த அதன் மூன்றாவது தொகுப்பில் சுமார் 180 கோடி விண்மீன்கள். பால்வீதியில் இருப்பதில் அது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இந்த மார்ச் மாதம் அதை அணைத்துவிட்டார்கள், சேர்த்து வைத்த அளவுகளை இன்னும் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1982-ல் அசிமோவ் எழுதிய தொடர்ச்சி நாவலில் கப்பலின் கணினியில் பால்வீதியின் வரைபடம் இருக்கும், அதில் ஒரு கோள் மட்டும் இருக்காது. அந்தக் கோளின் பெயரும் கையா. படத்தில் இல்லாத இடத்தின் பெயரும், நமக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய படத்தை வரைந்த கருவியின் பெயரும் ஒன்றாக அமைந்துவிட்டது, தற்செயல்தான். இருந்தாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டாம் ஃபவுண்டேஷன் நூலில் ‘லென்ஸ்’ என்று ஒரு கருவி வரும், பால்வீதியில் எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கிருந்து வானம் எப்படித் தெரியும் என்று காட்டும். தாவி முடித்த கப்பல் தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவி. கையாவின் அளவுகளை வைத்து, அக்கம்பக்கத்து விண்மீன்களுக்காவது, இதை இன்று வீட்டுக் கணினியிலேயே செய்யலாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

(இரண்டாம் ஃபவுண்டேஷன் படிக்காதவர்கள் இந்த நாளை விட்டுவிடுங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும்.)

பேரரசு விழப்போவதைக் கணக்குப் போட்டு முன்பே சொல்லும் ஹாரி செல்டன், ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இரண்டு அமைப்புகளை நிறுவினார். ஒன்று டெர்மினஸில், ஒரு தனிச் சூரியனுக்கு ஒற்றைக் கோளாக, உலோகம்கூடச் சரியாக இல்லாத விளிம்பில். மற்றது பால்வீதியின் மறுகோடியில். எந்த இடம் அந்த மறுகோடி என்று தேடுவதிலேயே பலரின் வாழ்நாள் போகிறது. நானும் முதல் முறை படித்தபோது டெர்மினஸில் இருந்து குறுக்கே ஒரு கோடு இழுத்து, வட்டத்தின் எதிர்ப்பக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். தாளைச் சுற்றி வந்தவள், “வட்டத்துக்கு ஏதுப்பா கோடி?” என்றாள். கதையிலும் 14 வயது ஆர்க்கேடி கண்டுபிடிப்பது இதைத்தான், வட்டத்துக்கு முனை இல்லை, சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவோம் என்று. அது சரியான விடை இல்லை என்பது கடைசியில்தான் தெரியவரும்.

நான் விடையை வாயால் சொல்லவில்லை. அலமாரியில் இருந்து கொசுவத்திப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரட்டைச் சுருள், உடையாமல் பிரிக்க அவளுக்கு மூன்று நிமிடம் ஆனது. பிரித்த ஒன்றைத் தாளின் மேல் வைத்து, “இதுக்கு ஒரு முனை வெளியே இருக்கு, இன்னொண்ணு எங்கே?” என்று கேட்டேன். தகரத்தில் சொருகும் நடுப்பகுதியில் விரலை வைத்தாள். “இங்கேதான்ப்பா.” அவள் விரலுக்கு அடியில் நான் எழுதி வைத்திருந்த டிரான்டர் இருந்தது.

இந்தக் கதை பத்திரிகையில் வந்தது 1949 நவம்பரில் இருந்து 1950 ஜனவரி வரை. பால்வீதி சுருள் வடிவம்தான் என்ற எண்ணம் அப்போதே இருந்தது, ஆனால் அதன் சுருள் கைகளைத் தடம்பிடித்து வானியலாளர் வில்லியம் மார்கன் அறிவித்தது 1951 டிசம்பரில்தான். அதற்குள் அசிமோவ் கதையில் அந்த வடிவத்தின் மேல் ஒரு பெரிய முடிச்சையே கட்டிவிட்டார். இதோடு அவர் நிறுத்தவும் இல்லை. செல்டன் சமூகத்தைக் கணக்கிடுகிறவர், அவர் சொன்ன ‘மறுகோடி’ மைலால் அளக்கிற தூரம் இல்லை, பேரரசில் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கும் உலகத்துக்கு எதிர்முனை எல்லாவற்றுக்கும் முதலில் இருக்கும் உலகம்தான் என்று இன்னொரு படி போகிறார். இத்தனை நாள் நூலும் ஆணியும் வைத்து நான் அளந்தது தூரத்தை. கதைக்குள் இருக்கும் வரைபடத்தில் அளவே வேறு: யாருக்கு யார் சோறு போடுகிறார்கள், யாருடைய அறிக்கை யாரைப் போய்ச் சேருகிறது என்பதுதான் அங்கே அருகும் தொலைவும்.

தாளைத் தூக்கிப் போடவில்லை. அதே தாளில், வேறு நிறத்தில், அனாக்ரியானை டிரான்டரில் இருந்து நான்கு அடுக்கு தள்ளி எழுதினேன். அந்த இருபது விவசாய உலகங்களை டிரான்டரை ஒட்டியே எழுதினேன், அவை வானத்தில் எங்கே இருந்தாலும்.

23 ஆகஸ்ட், சனி

படம் முடிந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியாகிவிட்டது. புள்ளிகள் மொத்தம் நாற்பதுகூடத் தேறாது, மீதியைக் கட்டங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி மின்சாரம் போனது. கொசு. மகள் போன வாரம் பிரித்து வைத்த சுருளில் ஒன்றை எடுத்துத் தகரத்தில் சொருகி, வெளி முனையில் தீக்குச்சியை வைத்தாள். இருட்டில் அந்தச் சிவப்புக் கங்கு மட்டும் தெரிந்தது. “அப்பா, முதல்ல டெர்மினஸ் பக்கம்தானே பிடிக்குது?” என்றாள். ஆமாம், முதலில் கழன்றது அந்தப் பக்கத்து அனாக்ரியான்தான், டிரான்டர் சூறையாடப்பட்டது அதற்கு வெகு காலம் கழித்து என்றேன். கங்கு நடுவுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். எட்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்தது, செல்போன் வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன்.