கிரீன் கார்டு இருந்தும் பிரிந்திருக்கும் குடும்பங்கள்

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் தற்காலிகமாக வேலை செய்பவர் மனைவி, பிள்ளைகளை எச்-4 விசாவில் உடன் அழைத்துச் செல்லலாம். ஆனால் கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாகக் குடியேறிய பின் மணம் முடித்தவர், கிரீன் கார்டு வைத்திருப்போரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகளுக்கான எஃப்-2ஏ பிரிவில் மனுச் செய்துவிட்டு, ஆண்டு உச்சவரம்புக்குள் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றுலா விசா கேட்டாலோ, குடியேறும் எண்ணம் இருப்பதாகச் சொல்லிப் பெரும்பாலும் மறுத்துவிடுகிறார்கள். இப்படிக் காத்திருக்கும் என் தம்பி, எந்தத் தேதி வரை மனுச் செய்தவர்களின் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு அறிவிக்கும் விசா புல்லட்டினில் அந்தத் தேதி நகர்ந்திருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்கிறான். மகளின் ஈறில் எட்டிப்பார்த்த முதல் பல்லை, மனைவி கைப்பேசியை நெருக்கிப் பிடித்துக் காட்டித்தான் பார்த்தான். எனக்கு மனம் ஆறவில்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 21-க்குள் மனுச் செய்து மூன்றாண்டுகள் காத்திருந்தவர்களின் குடும்பத்தார் அமெரிக்காவுக்கே வந்து காத்திருக்க ‘வி’ விசா வழிசெய்தது. அந்தத் தேதி வரம்பை நீக்கி, அச்சலுகையை இன்று காத்திருப்போருக்கும் வழங்க வேண்டும்.