பழைய பிரஸ் கட்டடத்துல புது ஜிம்

எங்க தெரு முனையில பல வருஷமா பூட்டியே கிடந்த பிரிண்டிங் பிரஸ்ஸ இடிச்சுட்டு அபார்ட்மென்ட் கட்டப் போறாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தோம், இப்ப பாத்தா சுவரு கூரை எதையும் இடிக்காம அதுலயே ஜிம் திறந்துட்டாங்க. உள்ள போய் ஒரு சுத்து பாத்துட்டு வந்தேன், அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

ஜிம் வைக்கணும்னா மொதல்ல பாக்க வேண்டியது தரையத்தான். வீட்டு மாடின்னா வழக்கமா சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்குலதான் டிசைன் பண்ணுவாங்க, ஜிம்முக்கு கிட்டத்தட்ட 500 கிலோ கணக்கு வேணும். வெயிட் மாட்டுற நீளக் கம்பி, அதான் ஒலிம்பிக் பார், அது மட்டுமே 20 கிலோ, பக்கத்துக்கு ரெண்டு 25 கிலோ பிளேட் மாட்டினா மொத்தம் 120 கிலோ ஆயிடும், டெட்லிஃப்ட் அடிச்சுட்டு, அதாவது தரையிலருந்து இடுப்பு வரைக்கும் தூக்கிட்டு, அத அப்படியே கீழ விட்டா தரையில விழுற அடி அந்த எடைய விட பல மடங்கு. மாடியில ஜிம் இருந்தா அந்த அதிர்வு தூண் வழியா சுவர் வழியா இறங்கி கீழ் வீட்டுக்காரங்க தூக்கத்த கெடுக்கும், சுவத்துல ஃபோம் ஒட்டினா எதிரொலிதான் குறையும், இந்த டம் டம் சத்தம் நிக்காது.

இங்க அந்தப் பிரச்சனையே இல்ல. டன் கணக்குல எடை இருக்குற ஆஃப்செட் மெஷின் ஓடின இடம், மண்ணு மேலயே நேரா போட்ட கனமான கான்கிரீட். ஸ்குவாட் ரேக் பக்கத்துல குனிஞ்சு பாத்தீங்கன்னா மெஷின முடுக்கி வச்சிருந்த போல்ட் குழிய சிமெண்ட் வச்சு அடைச்சது வரிசையா தெரியுது, ஓரத்துல கருப்பு மை ஊறின திட்டு கூட அப்படியே இருக்கு, அது மேல பெயிண்ட் அடிக்காம விட்டாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வெயிட் தூக்குற இடத்துல மட்டும் தடிமனா ரப்பர் பாய் போட்டிருக்காங்க.

கூரையும் நல்ல உயரம். ட்ரெட்மில் மேல ஏறினாலே ஒரு சாண் உயரம் கூடிடும், உயரமான ஆளு அதுல ஓடினா சாதாரண ரூம்ல ஃபேன் இடிச்சுடுமோன்னு பயமா இருக்கும், வெயிட் கம்பிய தலைக்கு மேல தூக்கறதுக்கும் இடம் வேணும்ல. பிரஸ்ஸுக்கு இழுத்த த்ரீ ஃபேஸ் கரண்டும் இருக்கறதால ட்ரெட்மில் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி லைன் கொடுத்திருக்காங்க. பெரிய பெரிய ஜன்னல், எல்லாத்தையும் திறந்து வச்சிருந்தாங்க, இத்தன பேரு மூச்சு வாங்குற இடத்துல ஏசிய போட்டுட்டு கதவ அடைக்கறத விட இது எவ்வளவோ மேல்.

ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துச்சு. பேப்பர் பண்டல் இறக்குற பின் வாசல மறைச்சு டம்பெல் ரேக் போட்டுட்டாங்க. தீ கீ பிடிச்சா வெளிய வர ரெண்டாவது வழி அதுதான். அதுவும் இல்லாம ட்ராலி ஏத்த சரிவுப் பாதை அங்கதான் இருக்கு, முட்டி வலிக்காரங்களும் வீல்சேர்ல வர்றவங்களும் படி ஏறாம உள்ள வரலாம். நடத்துற தம்பிகிட்ட சொன்னேன், "ரேக்க அந்தப் பக்கம் தள்ளிடலாம்ணா, ஆனா பூட்டு துருப்பிடிச்சுருக்கு, உடைக்கணும்"னாரு. உடைச்சுட்டு உள்பக்கத்துலருந்து சாவி இல்லாம திறக்குற தாழ்ப்பாளா போடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.