இறங்கும் முன்னே தூக்கும் வழி: மூடிய இடங்களில் வேலை

மேன்ஹோல், கழிவுத் தொட்டி, கிணறு, பாய்லர் டிரம், தானிய சைலோ, கப்பலின் அடித்தொட்டி. இவற்றில் எதற்குள் ஆள் இறங்குவதாக இருந்தாலும் என்ட்ரி பர்மிட்டில் (உள்ளே இறங்க அனுமதிக்கும் படிவம்) கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். உள்ளே இருப்பவர் மயங்கிச் சாய்ந்தால், இன்னொருவர் இறங்காமலே அவரை வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் அன்றைக்கு வேலை இல்லை. காற்றுச் சோதனை, காற்றை ஊதும் புளோவர், இயந்திரத்துக்குப் போடும் பூட்டு எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருந்தது. முதல் ஆள் விழுகிறார், பதறிப்போய் இரண்டாவது ஆள் குதிக்கிறார், அவருக்காக மூன்றாவது ஆள். ஆக்சிஜன் அறவே இல்லாத காற்றை ஓரிரு முறை இழுத்தாலே நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டுகிறதே என்ற உணர்வுகூட வராது. மூச்சுத் திணறலை உடலுக்கு முக்கியமாக உணர்த்துவது ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதுதான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. "மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் தூக்கிவிடலாம்" என்பதும் நடக்காது. துவண்டு கிடக்கும் 70 கிலோ உடலை ஏணியில் ஏற்ற ஒரு ஆளால் முடியாது. முயன்றால் சிறிது நேரத்திலேயே மூச்சு இழுக்க வேண்டி வரும்.

ஆகவே டிரைபாட் (வாய்க்கு மேல் நிறுத்தும் முக்காலி), கயிற்றைக் கையால் சுற்றி இழுக்கும் வின்ச், முழு உடல் ஹார்னஸ் (உடலில் கட்டும் பட்டை) மூன்றும் இருக்க வேண்டும். ஆள் இறங்கும் நொடியிலிருந்து ஏறி வரும்வரை கயிறு ஹார்னஸில் மாட்டியே இருக்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி ஏணியில் தொங்கவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். வாய் 60 செ.மீ. அளவே உள்ள மேன்ஹோலில் முதுகு வளையத்தில் மாட்டித் தூக்கினால் உடல் முன்பக்கம் சரிந்து, தோள் விளிம்பில் இடிக்கும். இரண்டு தோள்பட்டை வளையங்களிலும் குறுக்குக் கட்டை வைத்துத் தூக்கினால் உடல் நேராக வரும். இறங்குபவருக்கு ஹார்னஸை மாட்டி, தரையிலிருந்து ஒரு அடி தூக்கிப் பாருங்கள். பட்டை தளர்வா, வின்ச் பல் வழுக்குகிறதா, டிரைபாட் கால் மண்ணில் புதைகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

உள்ளே தடுப்புத் தகடுகளோ குழாய்களோ நிறைந்த டேங்கில் கயிறு சிக்கும். அங்கே கயிற்றை நம்பாதீர்கள். முதலில் சொன்ன விதிக்கு விலக்கு இந்த இடம்தான்: சுவாசக் கருவி அணிந்த மீட்புக் குழு அந்த வாசலிலேயே தயாராக நிற்க வேண்டும். "தீயணைப்புக்கு போன் போடலாம்" என்பது மீட்புத் திட்டம் ஆகாது. ஆக்சிஜன் நின்ற சில நிமிடங்களில் மூளை சேதப்படத் தொடங்கிவிடும்.

இனி காற்று. நான்கு வாயு டிடெக்டர் ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றைக் காட்டும். பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்புகள் இவை: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம் வரை. எரிவாயு, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் (எல்இஎல்) 10 சதவீதத்துக்குக் கீழ். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மிலும் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம்மிலும் அலாரம். படிக்கும் வரிசையும் இதேதான், ஆக்சிஜன் முதலில். எரிவாயுவைக் காட்டும் சாதாரண சென்சார் அந்த வாயுவைத் தன்னுள்ளே எரித்துப் பார்த்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்சிஜன் போதாவிட்டால், மீத்தேன் நிறைந்த தொட்டியிலும் அது குறைத்தே காட்டும்.

பலர் கவனிக்காமல் விடும் எண் ஒன்று இருக்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9. தொட்டிக்குள் 20.4 காட்டினால், 19.5க்கு மேல்தானே என்று டிக் போட்டுவிடுகிறார்கள். அரை சதவீதம் எங்கே போனது? காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். வேறொரு வாயு உள்ளே புகுந்து காற்றை வெளியே தள்ளியதால் ஆக்சிஜன் அரை சதவீதம் குறைந்தது என்றால், புகுந்த வாயு சுமார் 2.4 சதவீதம், அதாவது 24,000 பிபிஎம். அது டோலுயீன் போன்ற கரைப்பான் ஆவி என்றால், உடனடி உயிராபத்து அளவாக நியோஷ் சொல்லும் 500 பிபிஎம்மைப் போல் பல பத்து மடங்கு. துருப்பிடித்த இரும்பு ஆக்சிஜனைத் தின்றும் குறைந்திருக்கலாம், அழுகும் பொருளாலும் குறைந்திருக்கலாம். எதுவானாலும் காரணம் தெரியாமல் இறங்கக் கூடாது. அந்தத் தொட்டியில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, அந்தப் பொருளுக்கு உரிய சென்சாரைக் கொண்டு வாருங்கள்.

மூக்கை நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு 1 பிபிஎம்முக்கும் கீழேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மோப்ப நரம்பு மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் 17 சதவீதம்வரை இறங்கினாலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். நச்சு வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

அளக்கும் விதம் தவறினால் நல்ல கருவியும் பொய் சொல்லும். சுத்தமான வெளிக்காற்றில் ஆன் செய்து, பூஜ்யம் சரிபார்த்து, சோதனை வாயுவைக் காட்டி, சென்சார் அதை உணர்கிறதா என்று பாருங்கள் (bump test). ஒவ்வொரு நாளும், வேலை தொடங்கும் முன். சிலிகோன் ஸ்ப்ரே பட்ட எரிவாயு சென்சார் செத்துப்போயிருந்தாலும் திரையில் பூஜ்யம்தான் தெரியும். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனை மட்டுமே. மூடியை முழுதாகத் திறப்பதற்கு முன்பே, சிறு இடைவெளியில் டிடெக்டரின் காற்று இழுக்கும் குழாயை விட்டு முதல் அளவை எடுங்கள். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் தேங்கும். அதனால் மேலிருந்து அடிவரை சுமார் 1.2 மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி அளக்க வேண்டும். குழாய் காற்றை இழுத்துவர மீட்டருக்கு ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 6 மீட்டர் குழாய்க்கு 18 விநாடி, சென்சார் நிலைகொள்ள இன்னும் 30 விநாடி. ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு நிமிடமாவது பொறுக்காமல் குழாயை இறக்கிக்கொண்டே போனால், மேல்மட்டத்துக் காற்றை அடிமட்டத்துக் காற்று என்று எழுதிவிடுவீர்கள். குழாய் முனை சேற்றுக்குள் போகக் கூடாது. தண்ணீரை இழுத்தால் கருவியின் பம்ப் அடைத்துக்கொள்ளும்.

இறங்குபவரின் காலர் அருகிலும் ஒரு கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் எல்லாம் பூஜ்யமாக இருந்த தொட்டியில், கசடைக் கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாகக் கிளம்பும். கிளறும் வேலைக்குக் காலை அளவு எந்த உத்தரவாதமும் தராது.

புளோவரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இடத்தின் கொள்ளளவைப் போல் ஏழரை மடங்கு காற்று உள்ளே போக வேண்டும். 1.2 மீட்டர் விட்டம், 5 மீட்டர் ஆழமுள்ள மேன்ஹோலின் கொள்ளளவு சுமார் 5.7 கன மீட்டர். தேவை 43 கன மீட்டர். மணிக்கு 1000 கன மீட்டர் என்று எழுதியிருக்கும் புளோவர், குழாயின் நீளமும் வளைவும் சேர்ந்து பாதிதான் தரும் என்று வைத்தால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். 20 கன மீட்டர் டேங்க் என்றால் 18 நிமிடம். குழாய் முனை அடிக்கு அருகே இருக்க வேண்டும். வாயிலேயே விட்டால் மேல்காற்று மட்டும் சுழலும். புளோவர் காற்றை இழுக்கும் பக்கம் வண்டிப் புகைக்கோ ஜெனரேட்டருக்கோ அருகே இருக்கக் கூடாது. அளந்த பிறகும், ஆள் உள்ளே இருக்கும்வரை புளோவர் ஓடட்டும். காற்றோட்டத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பது கொலைக்குச் சமம். ஆக்சிஜன் கூடிய காற்றில் துணியும் தலைமுடியும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்குவது, உணவு இடைவேளையில் கேஸ் வெல்டிங் குழாயை டேங்குக்குள்ளேயே விட்டுவிட்டு வருவது, ஆர்கான் வெல்டிங் செய்த குழிக்குள் மறுபடி அளக்காமல் இறங்குவது ஆகிய மூன்றும், முதலில் நன்றாக இருந்த காற்றை நாமே கெடுப்பவை.

குழாய் இணைப்புகளில் ஒரு வால்வை மூடியதோடு நிறுத்தாதீர்கள், வால்வு கசியும். ஃபிளாஞ்சுக்கு (குழாய்கள் சேரும் வளையம்) நடுவே வழியை அடைக்கும் பிளைண்ட் தகடு போடுங்கள், அல்லது குழாயையே கழற்றிவிடுங்கள். கலக்கியின் மோட்டாருக்கும் சைலோவின் அடியில் தானியத்தைத் தள்ளும் திருகான ஆகருக்கும் பூட்டும் டேகும் போட்டு, சாவி இறங்குபவர் பையில் இருக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று பாருங்கள். பஞ்சு வைத்த முகக்கவசமோ கெமிக்கல் ஃபில்டரோ ஆக்சிஜனைத் தராது. 6 லிட்டர், 300 பார் சிலிண்டருள்ள சுவாசக் கருவியில் சுமார் 1800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். மீட்பில் மூச்சு வாங்கும்போது அதுவும் குறையும். காற்று தீரப்போகிறது என்று கருவியின் விசில் அடித்தபின் திரும்ப நினைத்தால் தாமதம்; எந்த அழுத்தத்தில் திரும்புவது என்பதை வெளியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வாசலில் நிற்கும் ஹோல் வாட்ச் ஆளுக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. ஸ்பானர் எடுத்துவரக்கூட அவரை அனுப்பாதீர்கள். யார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்று அவர் எழுதி வைக்க வேண்டும். பேச்சில் குழறலோ பதிலில் தாமதமோ தெரிந்தால், அலாரம் அடிக்காவிட்டாலும் உடனே மேலே வரச் சொல்ல வேண்டும். ஆள் விழுந்தால் அவர் செய்ய வேண்டியவை: குரல் கொடுத்து உதவி கூப்பிடுவது, வின்ச்சைச் சுற்றுவது. எந்த நிலையிலும் அவர் உள்ளே போகக் கூடாது. இதை வேலை தொடங்கும் முன் எல்லார் எதிரிலும், அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இடைவேளை முடிந்து திரும்பினால் காற்றை முதலிலிருந்து அளந்து, நேரத்தோடு பர்மிட்டில் புது வரியாக எழுதுங்கள்.