லாட்டரி இல்லைங்க, 500 மீட்டர்

ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங், அதாவது ஐஸில் சின்ன வட்டத்தைச் சுற்றிச் சேர்ந்து ஓடுகிற பந்தயம், பார்ப்பேன் என்று யாரிடமாவது சொன்னால் போதும், அடுத்த அஞ்சாவது நிமிஷம் வாட்ஸ்அப்பில் ஸ்டீவன் பிராட்பரி வீடியோ வந்துவிடும். 2002, சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக். கடைசி வளைவில் முன்னால் போன நாலு பேரும் மொத்தமாகச் சரிந்து விழ, ஆகக் கடைசியாக வந்துகொண்டிருந்த அந்த ஆஸ்திரேலியர் அலுங்காமல் குலுங்காமல் கோட்டைத் தாண்டித் தங்கம் வாங்கினார். கீழே ஒரு வரி: "இதெல்லாம் ஒரு ஆட்டமா, லாட்டரிச் சீட்டு."

அது 1000 மீட்டர், ஒன்பது சுற்று. பின்னால் பதுங்கி வந்து காத்திருக்க அதில் நேரம் உண்டு. ஆண்கள் 500 மீட்டர் வேறு சங்கதி. நாலரைச் சுற்று, நாற்பது விநாடிச் சொச்சம், அவ்வளவுதான்.

ஒரு சுற்று 111.12 மீட்டர். 60-க்கு 30 மீட்டர் ஐஸ் ஹாக்கித் தளத்துக்குள் அடக்கிய ஓடுபாதை என்பதால் நேர்ப்பாதை 29 மீட்டர்கூட வராது. துப்பாக்கி வெடித்ததும் ஏழெட்டுத் தப்படி குத்தி ஓடுவார்கள், அதற்குள் வளைவு வந்துவிடும். நாலு பேருக்கும் வேண்டியது அந்த உள்பக்கத்து ஒரே கோடு. டவுன் பஸ் படிக்கட்டில் கால் வைக்கிற அவசரம் தான், ஆனால் இங்கே காலில் கத்தி இருக்கிறது. முதல் வளைவை முதல் ஆளாகச் சுற்றி வருகிறவனைப் பிறகு முந்துவது மகா கஷ்டம். இவ்வளவு வேகத்தில் வெளிப்பக்கமாகப் போனால் தூரம் கூடும். உள்பக்கமாக நுழைந்தால் இடிக்கும், இடித்தால் நடுவர் தூக்கி வெளியே போட்டுவிடுவார்.

நான் கோயம்புத்தூரில் கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். இந்த ஆட்டத்தில் என்னை இழுத்துப் போட்டதே அந்த பிளேடுதான். இவர்கள் இடது பக்கம் மட்டுமே திரும்புவார்கள். அதனால் இரண்டு கால் பிளேடுமே ஷூவின் நடுவில் இல்லாமல் இடது பக்கமாகத் தள்ளி மாட்டப்பட்டிருக்கும். அதோடு நிற்கவில்லை. பிளேடையே வளைவின் திசைக்கு லேசாக வளைத்திருப்பார்கள், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, டயல் கேஜ் என்கிற அளவுக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடிப்பக்கமும் நுனியிலிருந்து குதிகால்வரை ஒரே மட்டமாக இருக்காது, நடுவில் கொஞ்சம் தடித்து முன்னும் பின்னும் எழும்பியிருக்கும். சாணை பிடிப்பது இன்றைக்கும் கையால்தான். ஜோடி பிளேடையும் தலைகீழாக ஒரு ஜிக்கில், அதாவது பிடிப்புச் சட்டத்தில், சேர்த்து இறுக்கி, கல்லைக் குறுக்காக இழுத்து இழுத்துத் தேய்த்து, கடைசியில் சின்னக் கல்லால் பக்கவாட்டுப் பிசிறை எடுக்கிறார்கள். அந்தப் பிசிறு ஒரு இடத்தில் மிச்சமிருந்தாலும் வளைவில் கால் பிடிக்காது. பிசிறு எடுக்கச் சோம்பல்படுகிற பையன்களுக்கு நான் இந்த வீடியோக்களைத்தான் காட்டுகிறேன். பாதி நேரம் காட்டுவதோடு சரி.

வளைவில் அவர்கள் சாய்கிற சாய்வுக்கு இடது கை விரல்கள் ஐஸைத் தொட்டபடியே போகும். கையுறை கிழியாமலும் சிக்காமலும் இருக்க விரல் நுனிகளில் கெட்டியான குமிழ் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஆட்கள் வந்து வளைவில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள், கீறல் ஆற.

அதிர்ஷ்டக் கட்சிக்காரர்கள் அடுத்ததாக எடுப்பது 2010 வான்கூவர் இறுதிப் போட்டியை. சரி, பார்ப்போம். கடைசி வளைவு. முன்னால் கொரியாவின் சுங் சி-பெக், அடுத்து கனடாவின் சார்லஸ் ஹாமெலின். பின்னால் அமெரிக்காவின் அப்போலோ ஓனோவின் கை பட்டு, இன்னொரு கனடாக்காரர் ட்ரெம்ப்ளே போய்த் தடுப்பில் விழுகிறார். அதற்கும் முன்னால் போன இரண்டு பேருக்கு நடந்ததற்கும் சம்பந்தமில்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது சுங்கின் பிளேடு பிடி விட்டுவிட்டது, யாரும் தொடவில்லை. அவர் படுத்தபடியே சறுக்கி இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். ஹாமெலினும் தடுமாறி உடம்பு திரும்பிவிட்டது, ஆனாலும் நின்றபடியே முதலில் கடந்தார். ஓனோ தகுதி நீக்கம், ட்ரெம்ப்ளேக்கு வெண்கலம். பார்க்கக் கூத்துதான். ஆனால் தங்கமும் வெள்ளியும் போனது வளைவுக்குள் முதல் இரண்டு இடத்தில் நுழைந்தவர்களுக்குத்தானே?

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2014 சோச்சியில் விக்டர் ஆன். 2006-ல் ஆன் ஹியூன்-சூ என்ற பெயரில் கொரியாவுக்காக மூன்று தங்கம் வாங்கியவர். முழங்கால் அடிபட்டு, 2010 அணியில் இடம் கிடைக்காமல், ரஷ்யக் குடிமகனாகி வந்தவர். பின்னாலிருந்து ஏறி வந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த சீனாவின் வூ தாஜிங்கை முந்தி 500 மீட்டர் தங்கத்தை எடுத்தார். அந்த மாதிரி ஆள் தலைமுறைக்கு ஒருத்தர் வந்தாலே பெரிசு.

அந்த வெள்ளிக்கு வூ தாஜிங் நாலு வருஷம் கழித்துப் பதில் சொன்னார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக், போட்டி நடந்தது கடலோர நகரமான காங்னுங்கில். அந்த ஒலிம்பிக்கில் சீன ஷார்ட் டிராக் அணிக்குத் தகுதி நீக்கம் மேல் தகுதி நீக்கம், அதுவரை சீனாவுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. இறுதிப் போட்டியில் கூட ஓடியவர்களில் இரண்டு பேர் கொரியர்கள், அரங்கமும் அவர்களுடையது. வூ முதல் தப்படியிலேயே முன்னால் போய்விட்டார். இடிப்பதற்கு எதிரில் ஆள் இல்லை, பின்னாலிருந்து தொடுகிற தூரத்திலும் யாரும் இல்லை. 39.584 விநாடி, உலக சாதனை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சராசரியே மணிக்கு 45 கிலோமீட்டர் வருகிறது.

இதில் எனக்கு ஆச்சரியம் இடம். கால்கரி, சால்ட் லேக் சிட்டி மாதிரி உயரமான ஊர்களில் காற்று லேசு, அங்கேதான் சாதனைகள் உடையும். 40 விநாடிக்குள் முதன்முதலில் ஓடிய அமெரிக்காவின் ஜே.ஆர். செல்ஸ்கி 2012-ல் 39.937 வைத்ததும் கால்கரியில்தான். வூ அதைக் கடல் மட்டத்தில் உடைத்தார், அதுவும் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு முறை. அதே வருஷக் கடைசியில் சால்ட் லேக் சிட்டிக்குப் போய் 39.505 ஓடியது தனிக்கதை.

என்னைக் கேட்டால், வூவின் 2018 இறுதிப் போட்டியைவிடக் காலிறுதியைப் பார்க்கச் சொல்வேன். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் போதும், யாராக இருந்தாலும் கொஞ்சம் மூச்சு விட்டு ஓடுவார்கள். வூ அதிலேயே 39.800 ஓடினார். நேரம் நன்றாக இருந்தால் அடுத்த சுற்றில் உள்பக்க இடம் கிடைக்கும். அங்கிருந்து முதல் வளைவு இன்னும் கிட்டம். யூடியூபில் இருக்கிறது, ஒரு நிமிஷம்கூட ஆகாது. பிராட்பரி வீடியோ அனுப்புகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு அனுப்பட்டும்.