ஏற்காட்டு மலைப்பாதையில் ராணுவமும் விமானப்படையும்

நேற்று இரவுதான் ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். செலவுக் கணக்கை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கார் டிரைவர் மீதான ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஏற்காட்டுக்குள் ஐந்து இடம் காட்ட 1,500 ரூபாய் என்று பேசி ஏற்றிக்கொண்டவர், கடைசியில் 2,100 கொடுத்தால்தான் பையை எடுக்க விடுவேன் என்றார். வெயிட்டிங் சார்ஜாம்! காலையிலிருந்து எதற்கும் ஒத்துப்போகாத அப்பாவும் மாமாவும் அப்போது டிக்கிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று போய் நின்றார்கள். குரலை உயர்த்தவே இல்லை. 1,500-தான் கொடுத்தோம். நீங்கள் போனால் எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் என்று ஏறும்முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், விமானப்படையில் ஹெலிகாப்டர் டெக்னீஷியனாக இருந்து 2008-ல் ஓய்வு பெற்றவர். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் இலையில் சோறு ஆறிப்போகும்.

சேலத்திலிருந்து பஸ்ஸில்தான் போனோம், செலவு மிச்சம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே இன்ஜின் சூடாகி வண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம்! தண்ணீர் ஊற்றி ஆறவிடும்வரை எல்லோரும் சாலையோரம் நின்றோம். "டெக்னீஷியன் அருமை இப்பத் தெரியுதா மாப்பிள்ளை?" என்று மாமா ஆரம்பித்தார். "எங்க ரெஜிமென்ட் 1758-ல ஆரம்பிச்சதுங்க மச்சான். உங்க ஏர்ஃபோர்ஸ் 1932-ல பொறந்த குழந்தை" என்றார் அப்பா.

அங்கிருந்து பேச்சு லோங்கேவாலாவுக்குப் போனது. எங்கள் வீட்டில் எப்போதும் அங்கேதான் போகும். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் எல்லையில் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் ஒரே ஒரு கம்பெனி, அதாவது ஒரு சிறு படைப்பிரிவு. எதிரே பாகிஸ்தானின் டாங்கிப் படை. "விடிய விடிய நின்னது யாருங்க?" என்பார் அப்பா. "விடிஞ்சதும் ஜெய்சால்மர்ல இருந்து ஹன்டர்ல வந்து டாங்கியெல்லாம் அடிச்சது யாருங்க?" என்பார் மாமா. இரவில் தாக்கும் வசதி ஹன்டர் விமானங்களுக்கு இல்லை. விடியும்வரை கீழே தாக்குப்பிடித்திருக்காவிட்டால் விமானம் வந்து பயனில்லை. விமானம் வந்திருக்காவிட்டால் கீழே இருந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்? இருவருக்கும் இது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் சண்டை.

ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை. அந்தக் காசுக்கும் காத்திருப்புக்கும் அது தகாது என்பது என் கருத்து, விட்டுவிட்டோம். பகோடா பாயிண்ட் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றி முடித்து, உள்ளங்கை தரையைப் பார்க்க ஒரு சல்யூட் வைத்தார். "நேவி!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கப்பல் வேலையில் கையில் கிரீஸும் எண்ணெயும் படிந்திருக்கும், அந்த அழுக்கு அதிகாரிக்குத் தெரியக்கூடாது என்று வந்த பழக்கமாம். ராணுவத்தில் உள்ளங்கை முன்னால் பார்க்கும். விமானப்படையில் 45 டிகிரி சாய்வு. "அதெல்லாம் 2006-க்கு அப்புறம்தான். அதுவரைக்கும் எங்க சல்யூட்டைத்தானே போட்டீங்க" என்று அப்பா விடவில்லை.

"மலை உச்சியில நேவிக்கு என்ன வேலை?" என்று மாமா சீண்டினார். அந்த மனிதர் நிதானமாகச் சொன்னார்: "ஐயா, நீங்க பேசுற அதே 4-ம் தேதி ராத்திரிதான் எங்க ஏவுகணைப் படகுங்க கராச்சியை அடிச்சது. அதனாலதான் டிசம்பர் 4 நேவி டே." இரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள். அப்புறம் அப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று டீ, நான்கு மிளகாய் பஜ்ஜிக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றார் அவர். பஜ்ஜி அவ்வளவு ருசி. பச்சை மிளகாய்ச் சட்னியோடு இன்னும் நான்கு சாப்பிட்டிருப்பேன், காசு வாங்காதவரிடம் எப்படிக் கேட்பது?

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. "சியாச்சின்ல நாங்க இருந்த இடத்துக்குப் போகணும்னா இதே மாதிரி நாலு மலையை அடுக்கணும்" என்றார் அப்பா. அவர் அங்கே இருந்த அதே குளிர்காலத்தில் மாமா லடாக்கின் லே நகரில், 114 ஹெலிகாப்டர் யூனிட்டில், சீட்டா ஹெலிகாப்டர்களைப் பராமரித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நேற்றுதான் தெரியும். மேலே மண்ணெண்ணெய், ரொட்டி, தபால் எல்லாம் அதில்தான் போகும். இறங்கினாலும் இன்ஜினை நிறுத்த மாட்டார்கள். சாமானை இறக்கியதும் கிளம்பிவிட வேண்டும். "நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டு ஒரு பையன் மூச்சுக்குத் திணறிட்டிருந்தான். ஹெலிகாப்டர் சத்தம் காதுல விழுந்ததும் அழுதுட்டேன்" என்றார் அப்பா. மாமா பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே சொன்னார்: "காலையில எத்தனை கிளம்பிச்சுன்னு எண்ணிக்குவோம். அத்தனையும் திரும்பி வந்தாத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். மேல தங்கச்சி புருஷன் வேற இருக்காரு."

தபால் மூட்டையில் ஒருமுறை சேலம் தட்டுவடைப் பொட்டலம் ஒன்றையும் மாமா வைத்து அனுப்பினாராம். போய்ச் சேர்ந்தபோது ஒன்றுகூட முழுசாக இல்லை.

சேலத்தில் இறங்கியதும் நேரே தட்டுவடைக் கடைக்குப் போனோம். பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி வைத்து எனக்கும் மாமாவுக்கும் செட். அப்பா மட்டும் நொறுக்கல் போதும் என்றார். மாமாதான் காசு கொடுத்தார், அப்பா தடுக்கவில்லை.