புதன் மாலைப் படங்களும் வியாழன் மதியப் பேச்சும்

ஜூலை 10, 2024, புதன்

கல்லூரித் திரைப்பட மன்றத்தின் இந்தப் பருவத்து முதல் படமாகச் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் திரையிட்டோம். மூன்றரை மணிக்குத் தொடங்கியபோது 62 பேர் இருந்தார்கள். முடிந்து விளக்கைப் போட்டபோது ஒன்பது பேர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். படம் பிடிக்காமல் எவரும் போகவில்லை. முக்கூடல், சேரன்மகாதேவிப் பக்கம் போகும் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்து இருட்டிய பிறகுதான் என்பதால், படத்தின் சிறுமி துர்க்கா மழையில் நனைந்துகொண்டிருந்தபோதே பலர் பையை எடுத்துக்கொண்டு, திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வெளியேறினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை அந்த நேரத்தில் தொடங்கியது என் பிழை.

இருந்தவர்களிடம், “படம் என்ன சொல்கிறது?” என்று கேட்டேன். “வறுமையின் கொடுமையைச் சொல்கிறது, ஐயா” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். தேர்வுத்தாளில் எழுதும் விடை அது. அத்தகைய விடையை வரவழைத்தது என் கேள்விதான் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

ஜூலை 11, வியாழன்

அந்த ஒன்பது பேரையும் மதிய உணவோடு வரச் சொல்லி, ஒரே ஒரு காட்சியை மட்டும் மீண்டும் காட்டினேன். வெளியூரிலிருந்து திரும்பிய ஹரிஹரர், மகள் துர்க்கா இறந்தது தெரியாமல் அவளுக்கென்று வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்ட, அவர் மனைவி சர்பஜயா உடைந்து அழும் இடம் அது. இன்று பொருளைக் கேட்கவில்லை; “காதில் என்ன விழுந்தது?” என்று மட்டும் கேட்டேன். அழுகை என்றார்கள். இன்னொரு முறை ஓட்டினோம். அழுகையே இல்லை என்பதையும், அவள் வாய் திறக்கும்போது கேட்பது தார்-ஷெனாய் என்ற வாத்தியத்தின் ஓலம் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நேற்று அழுகையைக் கேட்டதாகவே எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனதாக ஒரு மாணவி சொன்னார். வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர், தம் ஊர்ச் சாவு வீடுகளில் கொட்டுச் சத்தம் ஒப்பாரியை மூடிவிடும் என்றும், அழுகிறவர்களின் வாயசைவை மட்டுமே சிறு வயதில் பார்த்து நின்றதுண்டு என்றும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நாற்பது நிமிடங்கள் போனதே தெரியவில்லை.

இனிப் படம் புதன் மாலையிலும், பேச்சு வியாழன் மதியத்திலும் நடக்கும்.

ஜூலை 24, புதன்

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ராஷோமோன்’. 88 நிமிடங்கள்தான் ஓடும் என்பதால் பேருந்துக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, “கீழ உள்ளத வாசிச்சு முடிக்கதுக்குள்ள மேல ஆளு மாறிருது, ஐயா” என்றார். ராயின் படத்தில் பேச்சு குறைவு என்பதால் சமாளித்தாராம். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வசன வரி பலருக்குத் திரையை மறைக்கும் சுவராக இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் இதைக் கவனிக்கவில்லை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) படத்துக்கு நாங்களே தமிழ் வசன வரி எழுதத் தொடங்கிப் பத்து நாள்களாகின்றன. ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண்ணும், தோன்றும் நேரமும் மறையும் நேரமும் குறித்து எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் கூடாது. தமிழில் வினைமுற்றுகள் நீள்வதால், “வந்துகொண்டிருக்கிறான்” என்பதை “வருகிறான்” என்று நறுக்கினால்தான் கண் திரைக்குத் திரும்ப நேரம் கிடைக்கிறது. முதலில் கோப்பைத் திறந்தபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் சேமித்ததும் சரியாகிவிட்டது.

இன்றைய நாள் முழுவதும் ஒரு விவாதத்திலேயே கழிந்தது. மரியா தன் கணவன் அந்தோனியோவை “நீங்கள்” என்பாளா, “நீ” என்பாளா? நம் வீடுகளில் அப்படிப் பேசமாட்டார்கள் என்று மாணவர்களில் பெரும்பாலோர் “நீங்கள்” பக்கம் நின்றார்கள். நம்மைப் போலவே இத்தாலியரிடமும் இருவகை முன்னிலை உண்டு, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஒருமையில்தான் அழைப்பார்கள், ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் அந்த வேறுபாட்டை நமக்குக் காட்டுவதில்லை என்று விளக்கினேன். “அப்ப அவளை எதுக்கு நாம நம்ம வீட்டு மருமகளா ஆக்கணும்?” என்று ஒரு மாணவி கேட்ட பிறகு, “நீ” நிலைத்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்றைய திரையிடலில் கடைசி வரை 71 பேர் இருந்தார்கள். இன்று மதியம் அடகுக்கடைக் காட்சியை மீண்டும் காட்டினோம். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்பதற்காக மரியா படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். கடைக்காரன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அதே போன்ற மூட்டைகள் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும் தட்டுகளில் ஏறிக்கொண்டே இருக்கிறான். யாரும் ஒரு சொல் பேசாமல் போருக்குப் பிந்தைய ரோம் நகரமே அங்கே தெரிகிறது. தாயின் வளையலை மீட்க வரிசையில் நின்ற அனுபவத்தை ஒரு மாணவி சொல்ல, ஏறக்குறைய எல்லோருமே அந்த வரிசையில் நின்றவர்கள் என்பது தெரியவந்தது.

அமெரிக்காவில் இந்தப் படத்தை “சைக்கிள் திருடன்” என்று ஒருமைத் தலைப்பில் வெளியிட்டார்கள். இத்தாலியத் தலைப்போ பன்மை. முடிவில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடி மகன் கண்முன் பிடிபடுவதை அந்த ஒருமை விழுங்கிவிடுகிறது என்று, எட்டு நாள் வரிகளோடு மல்லாடிய மாணவர் ஒருவர் எழுந்து நின்று சொன்னார்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று படம் இல்லை. வெளியாரையும் அனுமதிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கல்வி நிறுவனத்தின் செயல்பாடாகப் படம் காட்ட இடமளிக்கிறது. ஆனால் பார்ப்போர் ஆசிரியர், மாணவர், அவர்தம் பெற்றோர், நிறுவனச் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற அளவில் இருக்க வேண்டும். பெற்றோர் வரலாம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தோம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்று மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த படம் என்பதால், நெல்லைக்காரர்களான எங்களுக்கு அதன்மேல் தனி உரிமை உண்டு. இரண்டு தாய்மார்களும் ஒரு தந்தையும் வந்திருந்தார்கள். வசன வரி தேவைப்படாத படம் என்பதால் எல்லோரும் எளிதில் நுழைந்துவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். ஆனால் மனைவியை வதைத்த நாயகனை ஊரார் ஆற்றில் இறங்கிச் சாக வைப்பதோடு படம் முடிந்ததும், கூடத்தில் நெடுநேரம் அமைதி.

இன்று கலந்துரையாடலை இயற்பியல் மூன்றாமாண்டு மாணவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்துகொண்டேன். ரோமில் சிறுவனைப் பார்த்த சைக்கிள்காரர் அவன் தந்தையை விட்டுவிட்டார், இங்கே பிள்ளைகள் இருந்தும் ஊர் விடவில்லையே என்று ஒருவர் தொடங்கினார். ஊர் செய்தது நீதியா, பழியா என்று இரு பக்கமும் குரல் உயர்ந்தது. அந்த மாணவி எந்தப் பக்கமும் சாயாமல் எல்லோரும் ஓயும் வரை காத்திருந்து, “அவன் ஆற்றில் இறங்கும்போது ஊரார் முகங்களில் எதைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டார்.

யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். அந்தக் காட்சியை முதலிலிருந்து ஓட்டினோம்.