புட்சர் ஹாலர்: லொரெட்டா லின் வளர்ந்த பள்ளத்தாக்கில்

அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கியின் மலைகளுக்கு இடையே செல்லும் 23-ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் ‘கன்ட்ரி மியூசிக் ஹைவே’ என்றொரு பெயரும் உண்டு. கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புற மக்களிசையில் வேரூன்றிய இசை வகை. பில்லி ரே சைரஸ், ரிக்கி ஸ்காக்ஸ், டுவைட் யோக்கம் எனப் புகழ்பெற்ற பாடகர்கள் பலர் அதை ஒட்டிய ஊர்களில் பிறந்தவர்கள். நான் அந்தச் சாலையில் சென்றது கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் ஒருவருக்காகவே. பெயின்ட்ஸ்வில் நகருக்கு அருகே கிளைச்சாலையில் திரும்பினால் வான் லியர் வருகிறது. நிலக்கரி நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. குடியிருந்த வீடும் நிறுவனத்துடையது, அரிசி பருப்புக்கு நிகராக அவர்கள் மாவும் உப்பும் வாங்கிய கடையும் நிறுவனத்துடையது. அங்கிருந்து சாலை குறுகிக் குறுகி, இரு மலைச்சரிவுகள் நெருங்கி நிற்கும் புட்சர் ஹாலருக்குள் நுழைகிறது.

லொரெட்டா 1932 ஏப்ரல் 14 அன்று இந்தப் பள்ளத்தாக்கில், எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தந்தை டெட் வெப் சுரங்கத் தொழிலாளி. லொரெட்டா வளர்ந்த பலகை வீடு சரிவின் மேல் இன்றும் நிற்கிறது. குளிர்காற்றைத் தடுப்பதற்காகச் சுவரெங்கும் பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருந்த தாய் கிளாரா, அவற்றில் படமாக இருந்த நடிகை லொரெட்டா யங்கின் பெயரையே மகளுக்குச் சூட்டினார். பேட்டரியில் இயங்கிய ரேடியோவில் சனிக்கிழமை இரவுகளில் நாஷ்வில் மேடையிலிருந்து ஒலிபரப்பான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியைக் கேட்பதுதான் அக்குடும்பத்தின் பெரிய பொழுதுபோக்கு. அந்தச் சிறிய அறைகளுக்குள் நின்றபோது, எட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் இங்கே எப்படிப் படுத்து உறங்கினார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன்.

பதினைந்து வயதில், 1948 ஜனவரியில், ஆலிவர் லின் என்பவரை மணந்துகொண்ட லொரெட்டா, பிறகு அவருடன் நாட்டின் மறுகோடியில், கனடா எல்லைக்கு அருகே உள்ள கஸ்டர் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். கிதாரை 1953-இல் வாங்கித் தந்தவர் கணவர். அதன் விலை 17 டாலர் என்பார்கள். முதல் இசைத்தட்டு 1960-இல் ஒரு சிறிய நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. விளம்பரத்துக்குப் பணமில்லாததால், கணவனும் மனைவியும் காரிலேயே ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு ரேடியோ நிலையத்தின் கதவையும் தட்டி அதை நேரில் கொடுத்தார்கள். பாடல் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாடல் தரவரிசையில் 14-ஆம் இடத்தைப் பிடித்தது; அதே ஆண்டு அக்டோபரில் அவர் ஆப்ரி மேடையிலும் பாடினார். தந்தை அதைக் கேட்கவில்லை, 1959-இலேயே இறந்துவிட்டார்.

லொரெட்டாவின் பாடல்களில் என்னைக் கவர்வது குரலைவிட அவற்றின் துணிச்சலே. குடித்துவிட்டு வரும் கணவனை வாசலிலேயே நிறுத்தும் பாடல் 1967-இல் அவருக்கு முதன்முதலாக முதலிடத்தைப் பெற்றுத் தந்தது. கருத்தடை மாத்திரையைப் பற்றிய ‘தி பில்’ 1975-இல் வெளிவந்தபோது, பல ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆறு பிள்ளைகளைப் பெற்ற ஒரு பெண் இதைப் பாடக் கூடாதென்றால் வேறு யார்தான் பாடுவது? கணவரின் குடியையும் பிற பெண்களுடனான தொடர்புகளையும் அவர் மறைத்ததில்லை. ஆனாலும் 1996-இல் கணவர் இறக்கும் வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது. கிதார் வாங்கித் தந்த கதையைச் சொல்லிச் சொல்லி அந்த மனிதரை நல்லவராக்கிவிடும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ‘என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்’ விருதை 1972-இல் பெற்ற முதல் பெண் லொரெட்டாதான். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தவை, அவரே எழுதிய வரிகளும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் காதுகளும்.

புட்சர் ஹாலரிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால், நாஷ்வில்லுக்கு மேற்கே ஹரிக்கேன் மில்ஸ் வருகிறது. பெரிய வெள்ளைத் தூண்கள் கொண்ட மாளிகையையும் அதைச் சுற்றியிருந்த நிலத்தையும் லின் தம்பதியர் 1966-இல் வாங்கினார்கள். அவரது நீண்ட மேடை உடைகள் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிறந்த ஊர் வீட்டின் நகல் ஒன்றையும், சுரங்கத்தின் நகல் ஒன்றையும்கூட அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். நகல் வீடு நேர்த்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றிலும் திறந்த வெளி. இருபுறமும் அழுத்தும் மலை இல்லாமல் அந்த வீட்டின் வறுமை புரிவதில்லை.

ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் தயாரிப்பில் 2004-இல் வெளிவந்த ‘வான் லியர் ரோஸ்’ ஆல்பத்தைத் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். எழுபது வயதைக் கடந்த பிறகு அவர் பாடிய அந்தப் பாடல்கள் இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றன. 2022 அக்டோபர் 4 அன்று, தொண்ணூறாவது வயதில், ஹரிக்கேன் மில்ஸ் வீட்டிலேயே அவர் காலமானார். இரண்டு ஊர்களையும் பார்க்க நேரமில்லாதவர்கள் வான் லியருக்கே செல்லலாம். பழைய நிறுவன அலுவலகத்தில் இயங்கும் சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு பள்ளத்தாக்குக்குள் போவது நல்லது.